கலவாய் மீனின் வாழ்வியல்: முருகைக்கற்பாரின் வேட்டையாளன் பற்றிய ஓர் அறிமுகம்

முருகைக்கற்பார்களை அண்டி வாழும் ஊனுண்ணி மீன்களுள் எமது கரையோர மக்கள் நன்கறிந்த ஒன்று கலவாய் ஆகும். தமிழகக் கடற்கரையில் இது கலவா என வழங்கும். பருத்த உடல், அகன்ற வாய், முன்தள்ளிய கீழ்த்தாடை, உடலெங்கும் பரவிய புள்ளிகள் அல்லது பட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு இதனை எளிதில் இனங்காணலாம். முள் குறைந்த வெண்ணிறத் தசையையுடைய இம்மீன் சந்தையில் நல்ல விலை பெறுவது. ஆயினும் சந்தைத் தட்டிற் கிடக்கும் கலவாயை அறிந்தோர் பலராக, கடலடியில் அது வாழும் முறையை அறிந்தோர் சிலராகவே உள்ளனர்.

கலவாயின் உணவு தேடல், இனப்பெருக்கம், சமூக நடத்தை என்பன பற்றிக் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் விலங்கியலாளர் திரட்டிய அறிவைச் சுருங்க எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனூடாக நாம் ஒரு வினாவுக்கும் விடை காண முயல்வோம். தன் வாழிடத்தில் எதிரிகள் அதிகமில்லாத இவ்வேட்டையாளன், வணிக மீன்பிடி வந்தடைந்த கடல்களிலெல்லாம் மிக விரைவில் அருகிவிடுவது எதனால்?

வகையும் வாழிடமும்

கலவாய் என்பது தனியோர் இனத்தின் பெயரன்று. உலகின் அயனமண்டல, உபஅயனமண்டலக் கடல்களில் ஏறத்தாழ 160 கலவாய் இனங்கள் வாழ்கின்றன. அவற்றுட் பல எப்பினெபெலஸ் என்னும் சாதியைச் சேர்ந்தவை. முதிர்ந்த நிலையிலும் ஒரு முழ நீளத்தை எட்டாத சிற்றினங்களும் இவற்றுள் உண்டு, 2.7 மீற்றர் நீளமும் 400 கிலோகிராம் நிறையும் எய்தக்கூடிய இராட்சதக் கலவாயும் உண்டு. முருகைக்கற்பார்களில் வாழும் என்புமீன்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக இவ்விராட்சதக் கலவாய் மதிக்கப்படுகிறது.

இவ்வினங்களுள் ஒன்றின் பெயர்வரலாறு எமக்கு ஆர்வமூட்டக்கூடியது. பேர்லினில் மருத்துவராக விளங்கிய மார்க்கஸ் புளொக் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களை வகைப்படுத்தும் பெருநூல்களை எழுதினார். தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜோன் என்னும் பாதிரியார் சோழமண்டலக் கரையின் மீன்களைச் சேகரித்து அவருக்கு அனுப்பிவந்தார். புளொக் 1799இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற நூலை ஷ்னைடர் என்பார் நிறைவுசெய்து 1801இல் வெளியிட்டார். தரங்கம்பாடிக் கலவாய் ஒன்று அந்நூலில் 'மலபாரிக்கஸ்' என்னும் பெயரைப் பெற்றது. கீழைக்கரை மீனுக்கு மேலைக்கரையின் பெயரா என்று நாம் வியக்கலாம். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையுமே மலபார் என்னும் சொல்லாற் குறித்து வந்தனர் என்பதை நினைவுகூரின் அவ்வியப்பு நீங்கும். அம்மீனைப் பிடித்துக் கரைசேர்த்த தொழிலாளி யாரென்பதை விஞ்ஞானப் பெயர் சொல்வதில்லை.

இந்த மலபார்க் கலவாயின் இளம் மீன்கள் கழிமுகங்களிலும், கடனீரேரிகளிலும், கண்டற் காடுகளின் வேர்களிடையேயும் வளர்கின்றன. பருத்தபின் அவை கற்பாரை நோக்கி நகர்கின்றன. ஆகவே ஒரு கலவாயின் வாழ்வு ஒரே இடத்தோடு முடிந்துவிடுவதில்லை. கண்டற் காட்டை அழிப்போர் கற்பாரின் மீனையும் அழிக்கின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

பதுங்கி வேட்டையாடல்

கலவாய் நெடுந்தூரம் துரத்திச் சென்று இரைபிடிக்கும் இயல்பினதன்று. பாறை இடுக்கின் வாயிலில் அசைவற்றுக் கிடந்து, அருகே வரும் மீனையோ நண்டையோ கணவாயையோ எதிர்பாராத கணத்தில் தாக்குவதே அதன் பொதுவான முறையாகும். தோலிலுள்ள நிறக்கலங்களின் துணையால் அது தன் நிறத்தைச் சடுதியாக மாற்றிப் பின்னணியோடு ஒன்றிவிட வல்லது. ஒளி மங்கிய விடியற் பொழுதும் அந்திப் பொழுதும் பல கலவாய் இனங்களுக்கு உகந்த வேட்டைக் காலங்களாகும்.

தாக்குதலின்போது கலவாய் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயும் தொண்டையும் பூமூடிகளும் ஒரே கணத்தில் விரிவடைய, வாய்க்குழியினுள் அமுக்கம் குறைகிறது. வெளியேயுள்ள நீர் பேரொழுக்காக உட்புக, இரையும் அதனோடு இழுபட்டுச் செல்கிறது. பின்னர் நீர் பூக்களின் வழியே வெளியேற, இரை மாத்திரம் எஞ்சுகிறது. தாடைகளின் உட்புறப் பற்கள் பின்னோக்கி மடியத்தக்கவை. எனவே இரை உட்செல்வது எளிது, மீள்வது அரிது. கலவாய் அதனை முழுமையாக விழுங்குகிறது.

இத்தகைய வாயினுட் சின்னஞ்சிறு மீனொன்று அச்சமின்றி நுழைந்து வெளிவருவதையும் கற்பாரிற் காணலாம். துப்புரவு மீன் எனப்படும் அது, பெரிய மீன்களின் உடலிலும் பூக்களிலும் ஒட்டிவாழும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. கலவாய் அதன் இருப்பிடத்தைத் தேடிச் சென்று, வாயைத் திறந்து அசையாது நிற்கும். தின்னக்கூடியதைத் தின்னாது விடுவதால் இரு தரப்பும் பயனடைகின்றன. கூர்ப்பின் போக்கில் போட்டியைப் போலவே ஒத்துழைப்பும் இடம்பெறுகிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அஞ்சாளையோடு கூட்டு

ஒத்துழைப்பிற்கு இதனினும் சிறந்த சான்று செங்கடலிற் கிடைத்தது. கலவாய் பகலில் வேட்டையாடுவது. திறந்த நீரில் வல்லது. ஆனால் பருத்த அதன் உடல் ஒடுங்கிய பொந்தினுட் புகாது. பாம்பை ஒத்த உடலையுடைய அஞ்சாளையோ பொந்துகளினுள் எளிதில் ஊர்ந்து திரிவது. பகலிற் பெரும்பாலும் ஓய்ந்து கிடப்பது. றெடுவான் ப்ஷாரியும் அவருடைய சகாக்களும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இவ்விரு மீன்களும் இணைந்து வேட்டையாடுவதை விரிவாகப் பதிவுசெய்தனர்.

கலவாய், அஞ்சாளை படுத்திருக்கும் பொந்தை அடைந்து, அதன் முகத்திற்கு முன்னே தன் தலையை விரைந்து அசைக்கிறது. அழைப்பை ஏற்ற அஞ்சாளை வெளிவர, இரண்டும் அருகருகே நீந்திச் செல்கின்றன. அஞ்சாளை பொந்துகளினுள் நுழைகையில் உள்ளே ஒளிந்திருந்த மீன்கள் வெளியே பாய்கின்றன. அவை கலவாய்க்கு இரையாகின்றன. கலவாய்க்கு அஞ்சி உட்புகுந்த மீன்கள் அஞ்சாளைக்கு இரையாகின்றன. இரை முழுமையாக விழுங்கப்படுவதாற் பங்கீடு பற்றிய பிணக்கு எழுவதற்கு இடமில்லை. தனித்தனியே வேட்டையாடுவதிலும் கூட்டாக வேட்டையாடும்போது இரண்டுமே கூடிய பயன் பெறுவதாக ஆய்வாளர் கண்டனர்.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. துரத்தப்பட்ட மீன் ஒரு பொந்தினுள் மறைந்துவிட்டால், கலவாய் அவ்விடத்தின் மேலே தலைகீழாக நின்று தலையை அசைத்து அவ்விடத்தைச் சுட்டிக் காட்டுகிறது. அஞ்சாளை, நெப்போலியன் மீன், எண்காலி ஆகியன அருகிலிருப்பின் அவை அவ்விடத்தை நாடி வருகின்றன. ஒரு பொருளைச் சுட்டி மற்றொரு பிராணியின் கவனத்தை அதன்பாற் திருப்பும் இச்செய்கை, மனிதரிடமும் குரங்கினத்தாரிடமும் சில பறவைகளிடமும் மாத்திரமே காணத்தக்கதென்று முன்னர் கருதப்பட்டது. மீன்களை அறிவற்றன என்று ஒதுக்கும் பழைய கருத்தை நாம் மீளாய்வு செய்யவேண்டியுள்ளது.

முதலிற் பெண், பின்னர் ஆண்

கலவாயின் இனப்பெருக்கத்தில் தனிக் கவனத்துக்குரியது அதன் பால் மாற்றமாகும். ஆய்வுக்குட்பட்ட கலவாய் இனங்களுட் பெரும்பாலானவை முதலிற் பெண்ணாக முதிர்ச்சியடைகின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்டபின் அவற்றுட் சில ஆணாக மாறுகின்றன. அப்போது சூலக இழையம் தேய்ந்து, அதனிடத்தில் விதைக்குரிய இழையம் வளர்கிறது. ஓமோன்களின் சமநிலையில் நிகழும் மாற்றம் இதனை நெறிப்படுத்துகிறது.

இத்தகைய மாற்றம் எவ்வாறு பயன்தரும் என்பதற்கு உயிரியலாளர் ஒரு விளக்கம் கூறுவர். பருத்த ஆண் பல பெண்களோடு கூடும் வாய்ப்பைப் பெறுகிறது. சிறிய ஆணுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. பெண்ணோ சிறிய பருவத்திலேயே முட்டையிட வல்லது. ஆகவே இளமையிற் பெண்ணாகவும் முதுமையில் ஆணாகவும் வாழும் மீன் தன் வாழ்நாளிற் கூடிய வழித்தோன்றல்களை விட்டுச்செல்ல முடியும். இதில் விதிவிலக்குகளும் உள. கீழே நாம் விரிவாக நோக்கவுள்ள நசோக் கலவாயிற் பெரும்பாலான ஆண்கள் பெண்ணாக வாழாமலே ஆணாக முதிர்கின்றன.

பால் மாற்றத்தினால் எழும் விளைவு ஒன்றை இங்கு வற்புறுத்த வேண்டும். இத்தகைய இனங்களில் ஆண் மீன்கள் பெரும்பாலும் வயதிலும் பருமனிலும் மூத்தவை. பெரிய மீன்களைத் தேர்ந்து பிடித்தால் ஆண்களையே தேர்ந்து பிடித்ததாக முடியும். மெக்சிக்கோக் குடாவின் காக் எனப்படும் கலவாய் இனத்தில் 1970களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 17 சதவீதமாக இருந்த ஆண்களின் பங்கு, 1990களில் ஏறத்தாழ 2 சதவீதமாக வீழ்ந்தது. கடலில் மீன் இருந்தது. முட்டைகளைக் கருக்கட்டச் செய்வதற்கு ஆண்கள் போதாதிருந்தன.

மீன்பிடிச் சட்டங்களில் வழமையாகக் காணப்படும் விதி, குறித்த பருமனிலும் சிறிய மீனைக் கடலில் விட்டுவிடவேண்டும் என்பதாகும். பால் மாறும் கலவாய்க்கு இவ்விதி மாத்திரம் போதாமையை மேற்கூறிய உதாரணம் காட்டுகிறது. ஆழத்திலிருந்து தூண்டிலில் மேலே வரும் மீனின் காற்றுப்பை அமுக்கக் குறைவால் விரிந்து உள்ளுறுப்புகளைத் தாக்குவதும் உண்டு. அவ்வாறான மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைப்பது உறுதியன்று.

திங்களும் திரளும்

தனித்து வாழும் பல கலவாய் இனங்கள் ஆண்டில் சில நாள்கள் மாத்திரம் பெருந்திரளாகக் கூடுகின்றன. கரிபியன் கடலின் நசோக் கலவாய் இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டது. மாரிகாலத்தில், குறிப்பாக திசெம்பர் முதல் பெப்ருவரி வரையான மாதங்களில், பூரணையை ஒட்டிய நாள்களில் அவை கற்பாரின் விளிம்பிலுள்ள சில குறித்த இடங்களை நாடிச் செல்கின்றன. நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடந்து வரும் மீன்களும் உண்டு. 1972இல் வெளியான ஆய்வுக்குறிப்பு ஒன்றில், பஹாமாஸ் நாட்டின் பிமினித் தீவருகே 30,000 முதல் 100,000 வரையான கலவாய்கள் ஒரே இடத்திற் கூடியிருந்ததாக சி. லவெற் சிமித் என்னும் ஆய்வாளர் மதிப்பிட்டார்.

திரளிற் சேர்ந்த மீன்கள் தம் வழமையான பட்டைகளை இழந்து, மேற்பகுதி கருமையாகவும் கீழ்ப்பகுதி வெண்மையாகவும் மாறுகின்றன. காற்றுப்பையை அதிரச்செய்து தாழ்ந்த ஒலி எழுப்புகின்றன. கதிரவன் மறையும் வேளையிற் சிறு குழுக்கள் திரளினின்று மேல்நோக்கிப் பாய்ந்து முட்டைகளையும் விந்தையும் நீரிற் சொரிகின்றன. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ள முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து செல்கின்றன. பொரித்து வரும் குடம்பிகள் ஐந்து ஆறு வாரங்கள் வரை திறந்த கடலில் மிதந்தபின்னர் ஆழமற்ற கரையோரத்தில் தங்குகின்றன.

இவ்விடங்களை இளம் மீன்கள் மூத்த மீன்களைப் பின்தொடர்ந்து அறிந்துகொள்கின்றன எனப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருத்தமானதாயின், மூத்த தலைமுறை முற்றாகப் பிடிபட்ட இடத்தில் எஞ்சிய இளம் மீன்களுக்கு வழிகாட்ட எவையும் இரா. அழிந்த திரள்கள் மீண்டும் தோன்றுவது அரிதாயிருப்பதற்கு இது காரணமாகலாம். கரிபியன் கடலிற் பெயர்பெற்றிருந்த திரள்கள் பல மறைந்தன. ஒரு காலத்தில் அக்கடலின் முதன்மையான உணவுமீன்களில் ஒன்றாயிருந்த நசோக் கலவாய், 2018இல் மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாகச் சர்வதேச செந்நூலிற் குறிக்கப்பட்டது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. நீண்ட ஆயுள், தாமதமான முதிர்ச்சி, பால் மாற்றம், ஒரே இடத்தில் ஒரே காலத்திற் கூடுதல் என்னும் பண்புகள் கலவாயைக் கற்பாரில் வெற்றிபெறச் செய்தன. இரைகளும் சுறாக்களும் மாத்திரமே அதனோடு உறவுகொண்டிருந்த காலம்வரை அவை பலமாக விளங்கின. நாள்காட்டியும் பனிக்கட்டியும் இயந்திரப் படகும் கொண்ட வணிகம் வந்தபோது அதே பண்புகள் பலவீனமாயின. ஆண்டின் பத்து நாள்களில் ஒரு பெருங்கடற்பரப்பின் மீன் முழுவதையும் ஓரிடத்தில் அள்ளுவது சாத்தியமாயிற்று.

சந்தையின் வருகை

கடற்றொழிலாளரின் பேராசையே இவ்வழிவுக்குக் காரணம் எனக் கூறுவார் உளர். இக்கூற்று ஆய்வுக்கு நிற்பதன்று. ஹொங்கொங் போன்ற நகரங்களின் உணவகங்களில், கண்ணாடித் தொட்டியில் உயிரோடு நீந்தும் கலவாயைத் தேர்ந்து சமைப்பித்து உண்பது செல்வத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இத்தேவையை நிறைவுசெய்ய எழுந்த உயிர்மீன் வணிகம், அருகிலுள்ள தென்சீனக் கடலில் மீன் குறையக் குறைய, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா எனத் தொலைவிலுள்ள கற்பார்களை நோக்கிப் பரந்தது. 1990களில் எமது அயல்நாடான மாலைதீவிலும் ஏற்றுமதிக்கான கலவாய் மீன்பிடி தொடங்கியது. ஒரு கற்பார் வெறுமையானதும் மூலதனம் அடுத்த கற்பாருக்கு நகரும். அக்கரையில் வாழும் தொழிலாளி அவ்வாறு நகர முடியாது.

பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் மீனை உயிரோடு மயக்கிப் பிடிப்பதற்குச் சயனைட்டுக் கரைசல் பயன்படுத்தப்பட்டது. அது மீனை மயக்குவதோடு சூழவுள்ள முருகைப் பூச்சிகளையும் கொல்லுகிறது. உணவுத் தட்டின் அளவுக்குப் பொருந்தும் மீனையே சந்தை பெரிதும் விரும்புவதால், பெரிய இனங்களின் முதிராத மீன்களும் மிகுதியாகப் பிடிக்கப்படுகின்றன. இந்தோனேசியாவின் தென்சுலவேசிப் பகுதியிற் படகும் வலையும் முற்பணமும் தரும் புங்காவா என்னும் முதலாளிக்குத் தொழிலாளி கடன்பட்டவனாகிறான். பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியவனாகிறான். எமது கரைகளின் சம்மாட்டி முறையை அறிந்தோர்க்கு இவ்வுறவு புதிதன்று. கடனில் வாழ்பவனிடம் நாளைய மீனைப்பற்றிச் சிந்திக்குமாறு உபதேசிப்பதாற் பயனில்லை.

மீட்சியின் சான்றுகள்

இந்நிலை மாற்ற முடியாததன்று. சிறிய கேமன் தீவின் மேற்கு முனையில் 2001ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 நசோக் கலவாய்கள் கூடும் திரளொன்றை உள்ளூர் மீனவர் கண்டனர். இரு பருவகாலங்களுள் ஏறத்தாழ 4,000 மீன்கள் பிடிக்கப்பட்டன. 2003இல் அரசு திரளிடங்களில் மீன்பிடியைத் தடைசெய்தது. சில ஆண்டுகள் குறிப்பிடத்தக்க மாற்றமெதுவும் தென்படவில்லை. ஆயினும் பொறுமை வீண்போகவில்லை. 2020இல் வெளியான ஆய்வு, அத்திரள் மும்மடங்குக்கும் மேலாகப் பெருகியிருப்பதை எடுத்துக்காட்டியது.

பஹாமாஸ் நாட்டின் எக்சுமாக் கடற்பூங்காவில் 1986 முதல் மீன்பிடி தடைசெய்யப்பட்டுள்ளது. அங்கே கலவாய் பெருகினால் அது பாசியை மேயும் கிளிமீன்களைத் தின்று குறைத்துவிடுமோ, அதனாற் பாசி முருகையை மூடிவிடுமோ என்னும் ஐயம் எழுந்தது. 2006இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. கலவாயின் வாய்க்கு அடங்காத பெரிய கிளிமீன்கள் மீனவரிடமிருந்தும் பாதுகாப்புப் பெற்றுப் பெருகியமையால், மேய்ச்சல் கூடியது, பாசி குறைந்தது. வேட்டையாளனும் இரையும் கற்பாரும் சேர்ந்தே தழைத்தன.

பலாவுத் தீவுகளின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. ஆர். ஈ. ஜொஹானஸ் என்னும் உயிரியலாளர் 1970களில் அங்கு சென்று, தொழிலாளரையே ஆசான்களாகக் கொண்டு கற்றார். எந்த மீன் எந்தத் திங்களில், பிறையின் எந்நாளில், எவ்விடத்தில் முட்டையிடக் கூடும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். விஞ்ஞான ஏடுகளில் அப்போது பதிவாகியிருந்ததிலும் மிகுதியான இனங்களின் திங்கட்காலத்தை அவர்களாற் சொல்ல முடிந்தது. இவ்வறிவை அவர் 1981இல் நூலாக வெளியிட்டார். குறித்த காலத்தில் மீன்பிடியை நிறுத்திவைக்கும் 'புல்' என்னும் மரபு வழக்கமும் அத்தீவுகளில் இருந்தது. 1994இல் பலாவு அரசு, முட்டையிடும் மாதங்களிற் குறித்த கலவாய் இனங்களைப் பிடிப்பதையும் விற்பதையும் சட்டத்தால் தடைசெய்தது.

நாம் செய்யத்தக்கது

இலங்கையைச் சூழ்ந்த கற்பார்கள் பல தாக்கங்களைக் கண்டவை. சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழப்பட்டது. 1998இல் கடல்நீர் அளவுகடந்து வெப்பமுற்றபோது முருகைகள் பரந்த அளவில் வெளிறி மாண்டன. வெடி வைத்து மீன்பிடித்தலை 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் தடைசெய்கிறது. கலவாய் பதுங்கும் பொந்துகளை ஒரே கணத்தில் நொறுக்கும் அம்முறையைச் சட்டத்தின் துணையோடும் தொழிலாளரின் அமைப்புகளின் துணையோடும் முற்றாக ஒழித்தல் வேண்டும்.

இதனோடு பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வடக்கு, கிழக்குக் கரையோர மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2004ஆம் ஆண்டின் கடற்கோள் பல கிராமங்களைக் குலைத்தது. தந்தையோடு கடலுக்குச் சென்று மகன் கற்கும் கல்வி பல குடும்பங்களில் அறுபட்டது. கலவாய் படும் கல் எது, அது சினையோடு வரும் மாதம் எது, முன்னர் மீன் கூடிப் பின்னர் அற்றுப்போன இடம் எது என்பவற்றை அறிந்த முதியோர் இன்றும் எம்மிடையே உளர். அவர்கள் வழங்கும் மீன்பெயர்களையும் கடலிடப் பெயர்களையும் காலக்கணக்குகளையும் மாணவர் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணி இது. தகவல் தந்தவரின் பெயரும் அவர் விரும்பின் அப்பதிவில் இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறு பெறும் அறிவைக் கொண்டு எக்காலத்தில் எவ்விடத்தை மூடிவைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும், மூடிய காலத்திற்கான வாழ்வாதாரமும் அக்கரையோர மக்களுக்கு உரியனவாதல் வேண்டும்.

கலவாயின் வாழ்க்கைக் கணக்கு ஆண்டுகளில் அளக்கப்படுவது. சந்தையின் கணக்கு நாள்களில் அளக்கப்படுவது. இவ்விரண்டில் எதனை அடிப்படையாகக் கொண்டு எமது கடலை ஆளப்போகிறோம் என்பதைப் பொறுத்தே, அடுத்த தலைமுறை இம்மீனைக் கற்பாரிற் காணுமா, நூலில் மாத்திரம் காணுமா என்பது அமையும்.